முகவரியை எப்படி எழுதினால் பார்சல் திரும்பி வராது? (கீழக்கரை, ராமேசுவரம், தொண்டிப் பக்கம் பொருள் அனுப்புவோர் கவனத்துக்கு)

தொதல்பெட்டி (கீழக்கரை)

அனைவருக்கும் ஸலாம், வணக்கம்.

வீட்டில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டி, பனையோலைக் கொட்டானில் வைத்து வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். உம்மாவின் கைப்பக்குவத்தில் இதுவரை யாரும் குறை கண்டதில்லை. குறையெல்லாம் பார்சல் போய்ச் சேர்வதில்தான். சிங்கப்பூருக்கு அனுப்பிய ஒரு பெட்டி திரும்பி வந்தது. போன செலவும் வந்த செலவும் எங்கள் கணக்கில் ஏறின. துபாய்க்குப் போன இன்னொன்று சேர்ந்துவிட்டது. ஆனால் மாதக் கடைசியில் கூரியர் நிறுவனம் தந்த பில்லில் ‘முகவரித் திருத்தக் கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகை இருந்தது. பெட்டிக்குள் இருந்த தொதலின் விலையை அது கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது.

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் முகவரிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன: ‘நடுத்தெரு, பள்ளிவாசல் பின்புறம், தண்ணீர்த் தொட்டி பக்கத்து வீடு, ராம்நாடு’. ராம்நாடு, அதாவது ராமநாதபுரம், என்பது மாவட்டம்; ஊர்ப் பெயரே இல்லை. கேட்டால், ‘பெயரைச் சொன்னாலே தபால்காரருக்குத் தெரியும்’ என்கிறார்கள்.

எந்த வரியில் எது வர வேண்டும், வெளிநாட்டுக்கு எப்படி எழுத வேண்டும், அந்தத் திருத்தக் கட்டணத்தை எப்படித் தவிர்ப்பது என்று தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள். பெருநாளுக்கு ஆர்டர்கள் குவியும். அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

---

ஆர்.எம்.எஸ். தாத்தா (ராமநாதபுரம்)

மகளே, ரயில்வே தபால் பிரிவில் பைகளைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தபால்காரருக்குத் தெரியும் என்பது உண்மை. ஆனால் பார்சல் அவர் கைக்கு வருவது கடைசியில்தானே? அதற்கு முன் அது மதுரையிலோ சென்னையிலோ, நம் ஊரைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் முன்னால் கிடக்கிறது. அல்லது ஓர் இயந்திரம் அதைப் படிக்கிறது. முகவரியை அவர்களுக்காக எழுத வேண்டும். நம்மை அறிந்தவருக்கு எழுதுவதுபோல் எழுதுவதால்தான் இத்தனை தொல்லையும்.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதும், முகவரிகள் பல மொழிகளில் வருவதும் அதற்குக் காரணங்கள். ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் மண்டலம். நமக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்றும் சேர்ந்தால் எந்தப் பிரிப்பு மாவட்டம் என்று தெரியும், நமக்கு 623. கடைசி மூன்று இலக்கங்கள் தபாலைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். ராமநாதபுரம் 623501, கீழக்கரை 623517, ராமேசுவரம் 623526. ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் எண் சரியாக இருந்தால் பை சரியான திசையில் போய்விடும். எண் தவறானால் பெயரை எவ்வளவு அழகாக எழுதியும் பயனில்லை.

நம் கடலோரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சிற்றூர்களில் இருப்பவை கிளை அஞ்சலகங்கள். அவை தமக்கு மேலுள்ள துணை அஞ்சலகத்தின் பின்கோடைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே எண்ணின் கீழ் பல ஊர்கள் வரும்; ஒவ்வோர் ஊரிலும் ஒரு கிழக்குத் தெரு, ஒரு மேலத்தெரு இருக்கும். ஆகவே ‘இன்ன அஞ்சல்’ என்ற வரி இல்லாமல் இங்கே முகவரி முழுமையாகாது. நகரத்துக்காரர்கள் அந்த வரியை விட்டுவிடலாம், நாம் விடக்கூடாது.

உள்நாட்டுக்கு நான் எழுதச் சொல்லும் வரிசை:

பெறுநர் பெயர், முதலெழுத்துடன் (தேவையானால் த/பெ அல்லது க/பெ)
கதவு எண், தெரு
சிற்றூர்
இன்ன அஞ்சல்
இன்ன வட்டம்
ராமநாதபுரம் மாவட்டம்
தமிழ்நாடு – 623 (மீதி மூன்று இலக்கங்கள்)
கைபேசி எண்

முதலெழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் ஊர்கள் நம்முடையவை.

---

பாம்பன்காற்று (தங்கச்சிமடம்)

தாத்தா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நடைமுறை மாறிவிட்டது. கூரியர் தம்பிகள் யாரும் முகவரியைப் படிப்பதில்லை. கைபேசியில் அழைத்து ‘எங்கே வர வேண்டும்’ என்று கேட்கிறார்கள். எங்கள் பகுதியில் பாதி வீடுகளுக்குக் கதவு எண்ணே கண்ணில் படுவதில்லை. தொலைபேசி எண்ணும் ஒரு லேண்ட்மார்க்கும் சரியாக இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

---

ஆர்.எம்.எஸ். தாத்தா

தம்பி, அழைக்கிற அந்தப் பையன் கைக்கு வந்துசேர்ந்த பார்சலைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள். நான் வந்துசேராததைப் பற்றிப் பேசுகிறேன். கோயம்புத்தூரில் திருச்சி சாலையில் ராமநாதபுரம் என்றே ஒரு பகுதி இருக்கிறது; அதன் பின்கோடு 641045. ‘கிழக்குத் தெரு, ராமநாதபுரம்’ என்று மட்டும் எழுதிவிட்டால் அது எங்கே போகும்? அங்கே போன பிறகு தொலைபேசியில் அழைத்து என்ன பயன்? கடலோரக் கிராமங்களில் சிக்னல் எப்படி இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை எடுக்கவே மாட்டார்.

தொலைபேசி எண் வேண்டவே வேண்டும். முடிந்தால் வீட்டில் இருப்பவர் எண் ஒன்றையும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள். ஆனால் அது முகவரியின் இடத்தில் உட்காரக்கூடாது.

---

ஓலைக்கொட்டான் (ஏர்வாடி)

தாத்தா சொன்னதற்கு எங்கள் ஊரே சாட்சி. ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடி எங்களுடையது. நாங்குநேரிப் பக்கம் திருநெல்வேலி மாவட்டத்தில் இன்னோர் ஏர்வாடி இருக்கிறது. எங்களுடைய எண் 623-இல் தொடங்கும், அவர்களுடையது 627-இல். இணையப் படிவத்தில் ஊர்ப் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் வரும் பட்டியலில் மேலே இருப்பதை எதையோ தொட்டுவிடுகிறார்கள். சாயம் ஏற்றிய ஓலை வாங்கும்போது எனக்கே இது நேர்ந்தது; அனுப்பியவர் நெல்லைக்கு அனுப்பிவிட்டார்.

சிக்கல் என்ற ஊருக்கும் இதே கதைதான். கடலாடிப் பக்கம் ஒரு சிக்கல், நாகப்பட்டினத்தில் முருகன் கோயில் இருக்கும் சிக்கல் வேறு. மாவட்டப் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள்.

---

ஆர்.எம்.எஸ். தாத்தா

மாவட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1985-இல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. இன்றும் சில பெரியவர்கள் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் ‘ராம்நாடு மாவட்டம்’ என்று எழுதுகிறார்கள். அவை சிவகங்கை மாவட்டம். எண் 630-இல் தொடங்கும். மாவட்டம் ஒன்றும் எண் வேறொன்றுமாக இருந்தால் பிரிப்பவருக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் பார்சல் ஓரமாக ஒதுக்கப்படும்.

---

தொண்டித்துறை (சிங்கப்பூரில் வேலை)

தங்கச்சி, சிங்கப்பூர் முகவரிக்கு நான் பதில் சொல்கிறேன்.

இங்கே 1995-இலிருந்து அஞ்சல் எண் ஆறு இலக்கம். அநேகமாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண். நம் ஊரில் ஓர் எண்ணுக்குப் பல கிராமங்கள், இங்கே ஓர் அடுக்குமாடிக்கே ஓர் எண். ஆகவே எண் சரியாக இருந்தால் பார்சல் கட்டடத்தின் வாசல்வரை வந்துவிடும். அதற்குப் பிறகு தேவைப்படுவது மாடியும் வீட்டு எண்ணும். அதை ‘#05-123’ என்று எழுதுவார்கள். ஐந்தாவது மாடி, 123-ஆவது வீடு. நம்மவர்கள் முகவரி கொடுக்கும்போது அடிக்கடி விட்டுவிடுவது இதைத்தான். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கும் கட்டடத்தின் கீழே நின்றுகொண்டு டெலிவரி ஊழியர் என்ன செய்வார்?

வரிசை இது: பெயர், பிளாக் எண், தெருப் பெயர், #மாடி-வீடு, சிங்கப்பூர் என்ற பெயரோடு ஆறு இலக்க எண். மாவட்டம், மாநிலம் எதுவும் இங்கே இல்லை. படிவத்தில் அந்தக் கட்டங்கள் கட்டாயம் என்றால் ‘சிங்கப்பூர்’ என்றே நிரப்புங்கள்.

தொழிலாளர் விடுதியில் இருப்பவர்களுக்கு அனுப்பினால் விடுதிப் பெயர், பிளாக், அறை எண் மூன்றும் வேண்டும். விடுதி அலுவலகத்தில் வாங்கி வைக்கும்போது அறை எண் இல்லாவிட்டால் யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

---

தேரா காக்கா (துபாய், சொந்த ஊர் பெரியபட்டினம்)

வ அலைக்கும் ஸலாம். துபாய் விஷயம் முற்றிலும் வேறு, தங்கச்சி. அமீரகத்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணே கிடையாது. இங்கே தபால் வழக்கமாக அஞ்சல் பெட்டி எண்ணுக்குத்தான் போகும். பல பேர் தம் கம்பெனியின் பெட்டி எண்ணைக் கொடுப்பார்கள். கடிதத்துக்கு அது சரி. கூரியர் பார்சலுக்கு அது உதவாது. ஊழியர் வந்து நிற்கக் கட்டடம் வேண்டும். கட்டடப் பெயர், பிளாட் எண், தெரு, பகுதி, எமிரேட், 971-இல் தொடங்கும் கைபேசி எண் ஆகியவற்றை வாங்குங்கள். துபாயில் கட்டட வாசலில் பத்து இலக்க மகானி எண் (கட்டடத்தின் இருப்பிடத்தைக் காட்டும் எண்) பலகை இருக்கும். அதையும் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.

இந்தியப் படிவங்களில் பின்கோடு கட்டத்தைக் காலியாக விட முடியாது. அப்போது 00000 என்று இடுவது இங்கே வழக்கம். நம்மவர்கள் சிலர் அந்தக் கட்டத்தில் ஊரில் இருக்கும் வீட்டின் 623-ஐ எழுதிவிடுகிறார்கள். ஒரே முகவரியில் துபாயும் இருக்கிறது, இந்திய எண்ணும் இருக்கிறது என்றால் கணினி குழம்பி நிறுத்திவிடும். உங்கள் பில்லில் வந்த திருத்தக் கட்டணம் இதற்காகவே விழுந்திருக்கலாம்.

சவூதியில் தேசிய முகவரி என்று ஒன்று உண்டு: நான்கு இலக்கக் கட்டட எண், தெரு, பகுதி, நகரம், ஐந்து இலக்க அஞ்சல் எண், நான்கு இலக்கக் கூடுதல் எண். அதன் சுருக்கம் நான்கு எழுத்தும் நான்கு எண்ணும் சேர்ந்தது. அங்கே இருக்கும் உறவினரிடம் அந்தச் சுருக்கத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை (ராமேசுவரம்)

எல்லோரும் கையால் எழுதுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆர்டர் அதிகமானால் முகவரிகளை எக்செல் தாளில் போட்டுக் கூரியர் தளத்தில் மொத்தமாக ஏற்றுவார்கள். அங்கே நடக்கும் சேதம் யார் கண்ணுக்கும் தெரியாது.

நம் ஊராட்சிகளில் கதவு எண் ‘4/12’ போல இருக்கும். அதை எக்செல் கட்டத்தில் தட்டினால் தேதியாக நினைத்துக்கொண்டு ‘12 ஏப்ரல்’ என்றோ ‘4 டிசம்பர்’ என்றோ மாற்றிவிடும். லேபிளில் கதவு எண்ணுக்குப் பதில் தேதி அச்சாகும். பூஜ்யத்தில் தொடங்கும் எண்களுக்கும் ஆபத்து. இந்தியப் பின்கோடு பூஜ்யத்தில் தொடங்காது. ஆனால் சிங்கப்பூரில் மரீனா பே சாண்ட்ஸ் கட்டடத்தின் எண் 018956. மலேசியாவில் சுங்கை பட்டாணி 08000. எக்செல் முன்னிருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 18956, 8000 என்று காட்டும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளின் வடிவத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். தட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது.

இன்னொன்று, வரியின் நீளம். பெரிய கூரியர் நிறுவனங்கள் சிலவற்றில் முகவரி வரி ஒன்றுக்கு 35 எழுத்துகள்தான் இடம். நீங்கள் முழு முகவரியையும் முதல் கட்டத்திலேயே ஒட்டினால் மிச்சம் வெட்டப்பட்டுவிடும். வெட்டப்படுவது கடைசியில் இருக்கும் ஊரும் அஞ்சலும்! கதவு எண்ணும் தெருவும் முதல் வரியில், சிற்றூரும் அஞ்சலும் இரண்டாம் வரியில், லேண்ட்மார்க் அதற்கென உள்ள கட்டத்தில் என்று பிரித்துப் போடுங்கள். பின்கோடு இட்டதும் நகரம் என்ற கட்டம் தானாக ‘ராமநாதபுரம்’ என்று நிரம்பும்; ஊர்ப் பெயர் வந்துவிட்டது என்று அதை நம்பி விடாதீர்கள்.

மலேசிய முகவரியில் ஐந்து இலக்க எண் ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும், பின்னால் அல்ல.

---

சரக்குக்கட்டு (ராமநாதபுரம், கூரியர் முகவராக இருந்தவர்)

கட்டணம் பற்றித் தங்கச்சி கேட்டதற்கு நேரடிப் பதில் இன்னும் வரவில்லை. முகவரியால் வரும் செலவுகள் நான்கு வகை. முகவரியை அவர்களே தேடித் திருத்தினால் திருத்தக் கட்டணம். சேர்க்க முடியாமல் திரும்பினால் திரும்பும் கட்டணம். வெளிநாடு என்றால் இதுதான் பெரிய அடி. சுங்கத்திலோ கிடங்கிலோ தங்கினால் கிடங்கு வாடகை. நான்காவது, தொலைதூரப் பகுதிக் கூடுதல் கட்டணம். இந்தக் கடைசி ஒன்று தவறால் வருவதல்ல. பெறுநரின் அஞ்சல் எண்ணைப் பார்த்துப் போடுவது. ஆனால் எண்ணைத் தவறாக எழுதியதால் பக்கத்து ஊர் தொலைதூரப் பகுதியாகிவிடும் கொடுமையும் நடக்கும். முன்பதிவுக்கு முன் அந்த எண்ணை நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம்: திருத்தக் கட்டணம் பில்லில் வந்தால் விட்டுவிடாதீர்கள். எந்தப் பார்சல், எந்த வரியைத் திருத்தினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கொடுத்த முகவரி சரியாக இருந்திருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். அதற்கு லேபிளின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து இங்கே கூரியரில் வரும் பார்சலுக்குப் பெறுநரின் அடையாள ஆவணம் கேட்பார்கள். லேபிளில் செல்லப் பெயரும் ஆதாரில் முழுப் பெயரும் இருந்தால் பார்சல் சுங்கத்தில் நின்றுவிடும். வளைகுடாவில் இருக்கும் மகன் உம்மாவுக்கு அனுப்பினாலும் ஆதாரில் உள்ளபடியே பெயர் எழுதச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பும்போது சுங்க அறிவிப்பில் ‘உணவு’ என்றோ ‘அன்பளிப்பு’ என்றோ மட்டும் எழுதாதீர்கள். அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்ந்த இனிப்பு என்று எழுதி எடையும் விலையும் போடுங்கள்.

---

கமுதி அக்கா

கடலோரத்துக்கு வெளியே இருந்து ஒரு சொல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் ராணுவத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுப்பும்போது ஊர்ப் பெயர், மாநிலப் பெயர் எழுதக்கூடாது. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, மே/பா 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) அல்லது 99 ஏ.பி.ஓ.; அதன் கீழே 9-இல் தொடங்கும் ஆறு இலக்க எண். அவ்வளவுதான். ‘ஜம்மு’ என்றோ ‘லடாக்’ என்றோ அக்கறையோடு சேர்த்து எழுதினால் அது சாதாரணத் தபாலோடு கலந்துவிடும், பாதுகாப்புக்கும் நல்லதல்ல.

---

பாம்பன்காற்று

இவ்வளவையும் படித்த பிறகு என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ராமநாதபுரம் இரண்டு இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி. 2025-இல் அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒன்றை வெளியிட்டதே, அதைப் போட்டால் இதெல்லாம் தேவையில்லைதானே?

---

கணக்குப்பிள்ளை

டிஜிபின் நல்ல ஏற்பாடு. ஐஐடி ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையமும் அஞ்சல் துறையோடு சேர்ந்து உருவாக்கியது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தெண் தந்திருக்கிறார்கள். கதவு எண் தெரியாத குடிசைக்கும் கிடைக்கும். கடற்பரப்புக்கும் கட்டம் உண்டு. உங்கள் பகுதிக்கு இது வரப்பிரசாதம்தான். ஆனால் அது பின்கோடுக்கு மாற்று அல்ல. பை பிரிப்பது இன்னும் பின்கோடை வைத்துத்தான். டிஜிபின்னைக் கைபேசி எண்ணுக்கு அருகில் கூடுதலாக எழுதுங்கள்.

---

தொதல்பெட்டி

தாத்தா, காக்கா, அண்ணன்மார், அக்கா எல்லோருக்கும் நன்றி. நான் நினைத்ததைவிட எவ்வளவோ அதிகம் கிடைத்துவிட்டது. வாடிக்கையாளர்களிடம் இனி ‘முகவரி அனுப்புங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கப் போகிறேன்:

அடையாள அட்டையில் உள்ளபடி பெயர்? கதவு எண், பழையதா புதியதா? தெரு? ஊர்? எந்த அஞ்சல்? மாவட்டம்? பின்கோடு? இரண்டு கைபேசி எண்கள்? வெளிநாடு என்றால் கட்டடம், மாடி, வீட்டு எண், அந்த நாட்டின் அஞ்சல் எண்?

பதில் வந்ததும் முழு முகவரியை எழுதி அவர்களுக்கே திருப்பி அனுப்பி, ‘சரி’ என்ற பதில் வந்த பிறகே லேபிள் அச்சிடுவேன். முகவரியைத் தமிழில் எழுதலாமா?

---

ஆர்.எம்.எஸ். தாத்தா

தமிழ்நாட்டுக்குள் தாராளமாகத் தமிழில் எழுதலாம் மகளே; என் காலம் முழுக்கத் தமிழ் முகவரிகளைப் பிரித்தேன். பிற மாநிலத்துக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள். வெளிநாட்டுக்கு ரோமன் எழுத்தும் 1, 2, 3 என்ற எண்களும்தான். நாட்டின் பெயர் கடைசி வரியில் தனியாக, பெரிய எழுத்தில் வர வேண்டும். அந்த நாட்டின் பெயரைத்தான் இங்கே பிரிப்பவர் முதலில் தேடுவார். பின்கோடு இலக்கங்களைச் சேர்த்து எழுதாமல், 1-உம் 7-உம் ஒன்றுபோல் தெரியாதபடி எழுதுங்கள்.

2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. பெறுநர் கையில்தான் தர வேண்டும் என்றால் அதற்கான பதிவு வசதியைக் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பெயர் துல்லியமாக இருக்க வேண்டும்.

---

ஓலைக்கொட்டான்

லேபிள் அச்சிடும் முறையையும் கவனியுங்கள், லாத்தா. கடல் காற்றின் ஈரத்தில் இங்க்ஜெட் மை கசிந்துவிடுகிறது. மேலே ஒளிபுகும் டேப் ஒட்டலாம். ஆனால் பார்கோடின் மேல் சுருக்கமோ பளபளப்போ விழக்கூடாது, கருவி படிக்காது. நான் முகவரியின் இன்னொரு நகலைப் பெட்டிக்குள்ளும் வைக்கிறேன். வெளியே ஒட்டியது கிழிந்துபோய், யாருக்கென்றே தெரியாமல் தபால் நின்றால் அதைப் பிரித்துப் பார்க்க அஞ்சல் துறையில் தனி அலுவலகமே இருக்கிறது. உள்ளே சீட்டு இருந்தால் அங்கிருந்தும் பிழைத்து வரும்.

---

ஆர்.எம்.எஸ். தாத்தா

நல்ல பழக்கம். இன்னும் ஒன்றே ஒன்று. உங்கள் முகவரியையும் பெறுநர் முகவரியையும் ஒரே அளவில் பக்கம் பக்கமாக ஒட்டாதீர்கள். அனுப்புநர் இடப்பக்கம் மேலே, சிறிய எழுத்தில். பெறுநர் வலப்பக்கம் கீழே, பெரிய எழுத்தில். கீழக்கரையில் கட்டிய பெட்டியைச் சென்னையில் பிரிப்பவர் 623517-ஐப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கீழக்கரைக்கே அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.